லீனியா டி-ஜெட்டில் பூஸ்ட் கேஜ்: எட்டு மாத அனுபவம்

ஃபியட் லீனியா டி-ஜெட் காரின் 1368 சிசி டர்போ பெட்ரோல் இன்ஜின், தொழிற்சாலை அமைப்பில் 114 பிஎஸ் ஆற்றல் தருவது. டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரான பூஸ்ட் கேஜ் அதன் டேஷ்போர்டில் கிடையாது. இதே குடும்பத்து 1.4 லிட்டர் இன்ஜினோடு வந்த அபார்த் 500 காரில் உண்டு. வண்டியை வாங்கிய நிலையிலேயே ஓட்டுபவருக்கு அது இல்லாதது பெரிய குறையல்ல. ஆனால் நான் ரீமேப் செய்து, அதாவது இன்ஜினை இயக்கும் கணினியின் மென்பொருளை மாற்றி, பூஸ்ட் அழுத்தத்தை 1.1 பார் வரை ஏற்றியிருந்தேன். அந்த எண்ணைக் கண்ணால் பார்க்காமல் ஆக்சிலரேட்டரை மிதிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாங்கியது 52 மில்லிமீட்டர் விட்டமுள்ள எலக்ட்ரானிக் கேஜ். விலை 6,400 ரூபாய். இதில் சென்சார் இன்ஜின் அறையிலேயே நின்றுவிடுகிறது, கேபினுக்குள் வருவது வயர் மட்டுமே. பாதி விலைக்கு மெக்கானிக்கல் கேஜும் இருந்தது. அதற்கு மேனிஃபோல்டிலிருந்து (இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்த் தொகுதி) ஒரு ஹோஸையே மீட்டர் வரை இழுத்துவர வேண்டும் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

பொருளைவிடப் பொருத்திய விதத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் பொருத்திய கடையில், டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கும் இடையிலுள்ள குழாயில் கேஜுக்கான டி-ஜாயின்ட் போட்டுக் கொடுத்தார்கள். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறங்குவதற்குப் பதிலாக ஒரு நொடி மேலே துள்ளியது. த்ராட்டிலுக்கு முன்னால் எடுத்தால் வாக்குவம் (வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம், முள் பூஜ்யத்துக்குக் கீழே நிற்பது) தெரியவே தெரியாது. பெட்ரோல் வண்டியில் இணைப்பை த்ராட்டிலைத் தாண்டி, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதிலும் பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸைத் தொடாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் அங்கே காற்று கசிந்தால் பிரேக் மிதி கல்லாகிவிடும்.

அடுத்ததாகப் பாளையங்கோட்டையில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனேன். இணைப்பை மேனிஃபோல்டுக்கு மாற்றியது மட்டுமல்லாமல், கேபின் தடுப்புச் சுவரில் புதிதாக ஓட்டை போடாமல், ஏற்கெனவே இருந்த ரப்பர் குரோமெட் (வயர் நுழையும் ஓட்டைக்கான வளையம்) வழியாகவே வயரை உள்ளே கொண்டுவந்தார். இக்னிஷன் லைனில் தனி ஃபியூஸ் வைத்தார். விளக்கு வயரைப் பார்க் லைட்டோடு இணைத்ததால், இரவில் கேஜின் வெளிச்சம் தானாகக் குறைகிறது. கூலி 1,800 ரூபாய். இந்த வேலைக்கு அது அதிகமில்லை.

இடம் தேர்வு செய்ததில் தவறு என்னுடையது. டேஷ்போர்டின் மேல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டச் சொன்னேன். சித்திரை மாதத்து மதியத்தில் இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தபோது, கேஜ் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அது முன்கண்ணாடியின் வலது ஓரத் தூணான ஏ பில்லரின் அடிப்பகுதியில் திருகாணியோடு நிற்கிறது. அதைவிட மேலே வைத்தால், திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில் சந்திலிருந்து வரும் பைக்கை மறைத்துவிடும். பில்லரை ஒட்டி, விபத்தில் பக்க ஜன்னலை மூடி விரியும் திரை ஏர்பேக் உள்ள கார்களில் இந்த இடத்தை நினைத்தே பார்க்கக் கூடாது. என் வண்டியில் அது இல்லை.

இணைப்பு சரியான பிறகு, ஐடிலிங்கில் முள் மைனஸ் 0.65 பாரில் அசையாமல் நின்றது. ஆனால் நாங்குநேரி தாண்டி மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தபோது 0.7 பாருக்கு மேல் ஏறவில்லை. கேஜ்தான் மோசம் என்று நினைத்துத் திரும்பிப் போனேன். “முள்ளு பொய் சொல்லல அண்ணாச்சி, எங்கனயோ காத்து போவுது” என்றார் எலக்ட்ரீசியன். குழாயில் கொஞ்சம் காற்றைக் கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தெளித்தபோது, இன்டர்கூலரின் கீழ் ஹோஸ் கிளாம்பில் நுரை கிளம்பியது. செக் இன்ஜின் விளக்கு ஒருநாளும் எரியவில்லை. கசிந்த காற்றை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுழன்றுகொண்டே இருந்திருக்கிறது. புதுக் கிளாம்பு போட்ட பிறகு அதே சாலையில் 1.1 பார் வந்தது. கேஜுக்குக் கொடுத்த பணத்துக்கான பலன் எனக்கு அன்றைக்கே கிடைத்துவிட்டது.

குறைகளும் உண்டு. மாலை நான்கு மணிக்கு மேல் தென்காசி நோக்கிப் போனால், எதிர்வெயில் கண்ணாடியில் பட்டு முள் தெரிவதில்லை. எச்சரிக்கை பஸ்ஸரின் ஓசை காதைக் குத்துகிறது. அதன் வயரைக் கழற்றிவிட்டேன். சாவி போட்டதும் முள் ஒரு முறை முழுச்சுற்று சுற்றி வருவது விற்பனைக்கான அலங்காரம் மட்டுமே.

நான் எதிர்பார்க்காத பயன் ஒன்று கிடைத்தது. சமதளத்தில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியரில் போகும்போது முள் பூஜ்யத்துக்குக் கீழேதான் நிற்கும். ஆடி மாதத்தில் காவல்கிணற்றில் நாகர்கோவில் சாலைக்குத் திரும்பி, காற்றாலைகளுக்கு நடுவே ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் போனபோது, அதே வேகத்துக்கு 0.2 பார் பூஸ்ட் கேட்டது. எதிர்க்காற்றில் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டும் குறைபட்டுக்கொண்டிருந்தவன், இந்த ஆண்டு வேகத்தை எண்பதுக்குக் குறைத்தேன். முள் கீழே இறங்கிவிட்டது.