எடைக்குறைப்பு உணவுச் சந்தாவில் பணம் கட்டுமுன் டப்பாவை நிறுத்துப் பாருங்கள்

ஆயத்த உணவும் உடற்பயிற்சியும் சேர்ந்த எடைக்குறைப்புச் சந்தா ஒன்றில் ஏமாற்றப்பட்ட அனுபவத்தை, அதில் சேர எண்ணுவோரின் கவனத்துக்காக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நாளை வேறு பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளும்படி அதன் உத்திகளை விவரிப்பதே பயனுள்ளது.

சமைக்க வேண்டாம், கலோரிக் கணக்குப் பார்க்க வேண்டாம், நாளுக்கு இரண்டு டப்பா உணவும் செயலி சொல்லும் பயிற்சியும் போதும், 12 வாரங்களில் எடை குறையாவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்பது அவர்கள் தந்த வாக்குறுதி. முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்கியது. உடனே பாராட்டுச் செய்தி வந்தது. சூட்டோடு சூடாக, சலுகை விலையில் நீண்டகாலச் சந்தாவுக்கு மாறும்படி அழைப்பும் வந்தது. அந்த அழைப்பு அப்போது வந்தது தற்செயலன்று. உணவைக் குறைத்தவுடன் உடலில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து செலவாகிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் பிணைந்திருப்பதால் அந்த நீரும் வெளியேறிவிடுகிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பு சுமார் 7,700 கலோரிக்குச் சமம் என்பதால், ஒரே வாரத்தில் மூன்று கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் நாள்தோறும் 3,300 கலோரி பற்றாக்குறை ஏற்பட வேண்டும். பெரும்பாலானோர் ஒரு நாளில் உண்பதே அவ்வளவு இராது. ஆகவே முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவது பெரும்பாலும் நீர்தான்; அது புரிவதற்குள் சந்தாவை நீட்டிக்க வைப்பதே அந்த அழைப்பின் நோக்கம்.

அதன்பின் எடை நின்ற இடத்திலேயே நின்றது. வாடிக்கையாளர் சேவையில் முறையிட்டபோதெல்லாம், பயிற்சியில் உங்கள் ஈடுபாடு போதவில்லை என்ற ஒரே பதில் வந்தது. ஆகவே டப்பாவின் மேலிருந்த அட்டவணையை எடுத்துக் கணக்குப் போட்டேன். அதில் 320 கலோரி என்று பெரிய எழுத்தில் இருந்தது; கீழே புரதம் 24 கிராம், மாவுச்சத்து 38 கிராம், கொழுப்பு 14 கிராம் என்று இருந்தது. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்ற வழக்கமான கணக்கின்படி கூட்டினால் 374 வருகிறது. மாவுச்சத்தில் ஒரு பகுதி நார்ச்சத்தாக இருந்தால் சிறிது குறையலாம். ஆனால் 54 கலோரி வித்தியாசத்தை ஈடுகட்டும் அளவுக்கு அந்த உணவில் நார்ச்சத்து இல்லை என்பதை அதே அட்டவணை காட்டியது.

அதைவிடப் பெரிய மோசடி பொடி எழுத்தில் இருந்தது. அந்த எண்கள் எல்லாம் 250 கிராம் கொண்ட ஒரு பரிமாறலுக்கு உரியவை. சமையலறைத் தராசில் வைத்தபோது டப்பாவிலிருந்த உணவு 410 கிராம் இருந்தது. அப்படியானால் ஒரு டப்பாவில் உண்மையில் இருப்பது ஏறக்குறைய 613 கலோரி. செயலியோ ஒரு டப்பாவை ஒரு வேளை உணவாகவும் 320 கலோரியாகவுமே பதிவு செய்தது. நாளுக்கு இரண்டு டப்பா என்ற கணக்கில் வாரத்துக்கு 4,100 கலோரி மறைந்துபோகிறது. அதாவது அரைக் கிலோ கொழுப்பைக் கரைக்கத் தேவையான பற்றாக்குறை முழுவதையும் அந்தப் பொடி எழுத்தே விழுங்கிவிடுகிறது.

உடற்பயிற்சிப் பக்கத்தில் இதே வித்தை தலைகீழாக நடந்தது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறத்தாழ 150 கலோரி செலவாகும்; செயலி 380 என்று காட்டியது. இத்தகைய கணிப்புகள் பொதுவாகவே நம்பகமானவை அல்ல. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, கலோரிச் செலவைக் கணிப்பதில் அவற்றுள் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிழை காட்டியது. ஆனால் இங்கே பிழை எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. பயிற்சி முடிந்ததும் ‘நீங்கள் ஈட்டிய கலோரி’ என்று ஒரு தொகையைக் காட்டி, அதை ஈடுசெய்ய நிறுவனமே விற்கும் சிற்றுண்டிக் கட்டிகளைத் திரையில் நிறுத்தியது. பயிற்சியையே விற்பனைக்கு ஆள்பிடிக்கும் தரகனாக்கிய சாமர்த்தியத்தை ஒருவகையில் மெச்சத்தான் வேண்டும்.

முறையீடு வலுத்ததும், ‘தேக்கத்தை உடைக்கும்’ மூலிகைப் பொடி என்று ஒரு பொட்டலத்தை இலவசமாக அனுப்பினார்கள். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற விவரமே இல்லை. இதயத்துக்கு ஆபத்து என்று 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபுட்ராமின் என்ற மருந்து, ‘இயற்கை’ என்ற முத்திரையுடன் விற்கப்பட்ட எடைக்குறைப்புப் பொருள்களில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எனக்கு வந்த பொட்டலத்தில் அது இருந்ததென்று நான் சொல்லவில்லை. பொருள் விவரம் இல்லாத பொடியை வாயில் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அந்தப் பொடியைப் பரிந்துரைத்த ‘ஊட்டச்சத்து ஆலோசகரின்’ தகுதி என்னவென்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பணம் திரும்பத் தரும் உத்தரவாதத்துக்கு, ஒவ்வொரு வேளை உணவையும் ஒவ்வொரு நாள் எடையையும் படத்துடன் இடைவிடாது பதிவேற்றியிருக்க வேண்டும் என்றும், ஒரு நாள் தவறினாலும் உரிமை போய்விடும் என்றும் விதி இருந்தது. சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும். செயலியில் ‘இடைநிறுத்து’ என்ற பொத்தான் உண்டு, ‘ரத்து செய்’ என்ற பொத்தான் கிடையாது. ரத்து செய்யத் தொலைபேசியில் அழைத்தால் காத்திருக்க வைத்தே இணைப்பைத் துண்டித்தார்கள். கடைசியில், ரத்துக் கோரிக்கையை மின்னஞ்சலில் எழுதி, அதன் நகலுடன் வங்கியை அணுகித் தானியங்கிப் பற்றை நிறுத்திய பிறகே பணம் போவது நின்றது. ஏற்கெனவே போன தொகைக்கான புகார் நுகர்வோர் அமைப்பிடம் நிலுவையில் இருக்கிறது. தராசின் மேல் டப்பா இருக்கும் படமும், அட்டவணையின் படமும், செயலி அதே உணவுக்குக் காட்டிய எண்ணின் திரைப்பிடிப்பும் சான்றாக இணைக்கப்பட்டுள்ளன. இதே வலையில் இருப்பவர்கள் அடுத்த புதுப்பிப்புத் தேதிக்குள் இந்த மூன்று படங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்தவுடன் என் செயலிக் கணக்கு முடக்கப்பட்டு, பழைய பதிவுகளைப் பார்க்கவே முடியாமல் போயிற்று.