உணவு வண்டிக்கு எந்த இடம்: பொதுச் சாலையா, ஒதுக்கீட்டு இடமா, தனியார் மனையா?

உணவு வண்டி தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கூட்டம் எங்கே அதிகம் என்பதிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். தனியார் மனை ஒன்றை வாடகைக்கு எடுத்து வண்டியை அங்கே நிறுத்துவதென்று நான் முடிவெடுத்ததற்குக் காரணம் கூட்டம் அன்று. அந்த இடத்திலிருந்து என்னைக் கிளம்பச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அதற்கு அவர் எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும் என்ற கேள்விதான் காரணம்.

ஊருக்கு ஊர் விதிகள் வேறுபட்டாலும், வண்டி நிற்கும் இடங்களை மூன்றாகப் பிரிக்கலாம்: வாகனம் நிறுத்த அனுமதியுள்ள பொதுச் சாலை, உள்ளாட்சி அமைப்பு குறித்துக் கொடுக்கும் இடம், தனியார் மனை. உணவு உரிமம், சுகாதார ஆய்வு, எரிவாயுப் பாதுகாப்பு ஆகியவை எங்கே நின்றாலும் தேவைப்படுபவை என்பதால் அவற்றை இங்கே ஒப்பிட வேண்டியதில்லை.

பொதுச் சாலைக்கு வாடகை இல்லை. வியாபாரம் படுத்துவிட்டால் உடனே இடம் மாறலாம். இந்தச் சுதந்திரத்துக்குப் பல ஊர்களில் தூரமும் நேரமும் எல்லை வகுக்கின்றன. அமெரிக்காவின் சிகாகோவில் உணவகங்களின் முதன்மை வாசலிலிருந்து 200 அடிக்குள் வண்டி நிற்கக்கூடாது. ஒரே இடத்தில் நிற்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் கருவியும் கட்டாயம். 200 அடி விதி உணவகங்களைப் போட்டியிலிருந்து காப்பதற்கானது என்று தொடரப்பட்ட வழக்கில், சிகாகோ அமைந்த இலினாய் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2019இல் நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. 200 அடி என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம். அதை ஆரமாக வைத்து வட்டம் போட்டால், ஒரே ஒரு உணவகம் தன்னைச் சுற்றி ஏறத்தாழ 2.9 ஏக்கர் பரப்பை நமக்கு மூடிவிடுகிறது. ஒரு தெருவில் நான்கைந்து உணவகங்கள் இருந்தால் மிச்சம் என்ன இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதைவிடச் சங்கடமானது, இன்று சட்டப்படி நிற்கும் இடத்தின் அருகே நாளை ஒரு புதிய உணவகம் திறந்தால் அந்த இடம் போய்விடும் என்பது. நம்மைக் கிளப்பும் அதிகாரம் ஒரு வகையில் போட்டியாளர் கைக்கே சென்றுவிடுகிறது. எல்லா இடத்திலும் நிலைமை இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் வாகனச் சட்டம், இத்தகைய கட்டுப்பாடுகளைப் பொதுப் பாதுகாப்பின் பொருட்டே உள்ளாட்சிகள் விதிக்கலாம் என்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்திருந்தால் என் முடிவு மாறியிருக்கக்கூடும்.

ஒதுக்கீட்டு முறையைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல முடியாது; அதன் கீழ் நான் தொழில் செய்ததில்லை. வாஷிங்டன் நகரம் 2013இல் கொண்டுவந்த விதிகளின்படி, நெரிசலான பகுதிகளில் குறிக்கப்பட்ட இடங்கள் மாதாந்திரக் குலுக்கலில் பங்கிடப்பட்டன. நல்ல இடம் சண்டையின்றிக் கிடைக்கிறது, ஆனால் அவகாசம் ஒரு மாதம்தான். இந்தியாவின் 2014ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டம், விற்பனைச் சான்றிதழில் குறிப்பிட்ட இடத்திலிருந்து ஒருவரை அகற்ற 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்கிறது. மோட்டார் வாகனத்தில் விற்பவர், தமக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்குமா என்பதை உள்ளாட்சியிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

தனியார் மனையில் அவகாசம் என்பது பேசி முடிவு செய்யக்கூடிய விஷயமாகிறது. என்னை இழுத்தது இதுதான். மனை உரிமையாளர் முதலில் 15 நாள் அவகாசம்தான் தர முன்வந்தார். வாடகையைச் சற்றுக் கூட்டிக் கொடுத்து அதை மூன்று மாதமாக எழுத வைத்தேன். வாடகையைக் குறைக்கப் பேரம் பேசியிருக்கலாம் என்று நண்பர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் மூன்று மாதம் உறுதி என்றால்தான் தனி மின் இணைப்புக்குப் பணம் போடத் துணிவு வரும். மின் இணைப்பு வந்ததும் ஜெனரேட்டரின் எரிபொருள் செலவும் இரைச்சலும் ஒழிந்தன. கழிவுநீரை எடுத்துச் செல்லும் வண்டிக்காரர் குறித்த நாளில் குறித்த இடத்துக்கு வருகிறார். வேலையாட்களுக்கும் நாளை எங்கே வரவேண்டும் என்று தினமும் சொல்ல வேண்டியதில்லை. அதே மனையில் இதே வகை உணவு விற்கும் வேறு வண்டியை நிறுத்தக்கூடாது என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன். வாய்ச்சொல்லாக இருந்தால் அது ஒரு மாதம்கூடத் தாங்காது.

உரிமையாளர் சம்மதித்துவிட்டார் என்பதாலேயே மனை தகுதி பெற்றுவிடாது. நிலப் பயன்பாட்டு வகைப்பாட்டில் அங்கே உணவு விற்பனைக்கு இடமிருக்கிறதா என்பதை நாமே அலுவலகத்தில் பார்க்க வேண்டும். சக்கரங்களைக் கழற்றி வண்டியை நிலைப்படுத்தினால் அது வாகனம் என்ற நிலையை இழந்து கட்டட விதிகளுக்குள் வந்துவிடும் ஊர்களும் உண்டு. ஆகவே நிழற்கூரையை வண்டியோடு சேர்த்துக் கட்டுவதற்கு முன்பும் விசாரிக்க வேண்டும்.

இந்த வழியின் பெரிய ஆபத்து என்ன என்பதை அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் காட்டியது. தனியார் மனைகளில் உணவு வண்டிகள் திரளாக நிற்பதற்குப் பெயர்போன அந்நகரில், ஆல்டர் தெருவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் நின்ற மனை உயர்ந்த கட்டடம் ஒன்றுக்காக 2019இல் காலி செய்யப்பட்டது. அங்கே நகர நிர்வாகம் தடை எதுவும் போடவில்லை; நிலத்தின் மதிப்பு ஏறிவிட்டது, அவ்வளவுதான். ஆகையால் நல்ல மனையைத் தேடும்போது, அதன் மேல் கட்டட அனுமதிக்கு விண்ணப்பம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் பார்ப்பது பயன் தரும்.

என் மனை அலுவலகங்கள் சூழ்ந்த பகுதியில் இருக்கிறது; மதிய வேளையை நம்பிய வியாபாரம். இரவு நேர விற்பனைக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் இந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியாது. இன்ன உணவுதான் விற்கப்போகிறோம் என்றே இன்னும் முடிவாகாதவர்கள் சில காலம் சாலையில் சுற்றிப் பார்ப்பது நல்லது. நானும் சாலையோர அனுமதியைக் கைவிடாமல் ஆண்டுதோறும் புதுப்பித்து வருகிறேன். உரிமையாளரின் அறிவிப்பு வந்துவிட்டால், அந்த மூன்று மாதத்துக்குள் வேறு மனை அமையாதபோது அது தேவைப்படும்.