பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கும் கடைசிப் படியில் 975 டாலர் போச்சு, கனடாவில் காத்திருப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஏமாந்த கதையை ஊருக்குச் சொல்வதில் என்ன பெருமை. ஆனால் போன வாரம் வேலையிடத்தில் ஒரு பெண், "போர்ட்டல் வேலைக்கு ஏஜென்ட் 600 டாலர் கேக்குறார்க்கா, கட்டிடவா?" என்று கேட்டாள். போர்ட்டல் என்றால் பி.ஆர். முடியும் நேரத்தில் நாமே விவரம் நிரப்பும் குடிவரவுத் துறை இணையதளம். சரி, இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பு.

நான் கரூர்க்காரி. படிக்க வந்து, படிப்பு முடிந்து, ஒர்க் பர்மிட்டில் மிசிசாகாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 2024 ஜூலையில், எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற பி.ஆர். தேர்வு முறையில் விண்ணப்பிக்கச் சொல்லி இன்விடேஷன் வந்தது. வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் எல்லாவற்றையும் ஏற்றிவிட வேண்டும், எனக்கோ இரவு ஷிஃப்ட், அதனால் ஸ்கார்பரோவில் மளிகைக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த ஒருவரிடம் போனேன். தமிழ்க்காரர். நுழைந்ததும் "வா தங்கச்சி" என்று டீ வரவழைத்தார், சுவரில் சட்டம் போட்ட லைசென்ஸ் தொங்கியது. 2,000 டாலர் பேசி, பாதியை அன்றே கட்டினேன். என்னுடைய முதல் தப்பு அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி நடந்தது. ஐ.ஆர்.சி.சி., அதாவது கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் என் கணக்கை அவர் தன் ஆபீஸ் இமெயிலில் திறந்தார், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "மெயில் வந்தா நானே பாத்துக்குவேன், நீ ராத்திரி வேலைக்குப் போற பொண்ணு" என்றார். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொன்னார். காசு வாங்கிக்கொண்டு நமக்காக விண்ணப்பம் போடுபவர் 5476 என்ற படிவத்தில் தன் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் எழுதி, நாமும் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பற்றி நான் கேட்டதற்கு, "அது எதுக்கு, நீயே போட்ட மாதிரி போட்டா சீக்கிரம் வரும்" என்றார். அப்படி எந்தச் சீக்கிரமும் கிடையாது. அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் வரக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். இந்த ஊரில் இவர்களுக்கு 'கோஸ்ட் கன்சல்டன்ட்' என்று பெயர், அதாவது பேய், பொருத்தமான பெயர்தான்.

2025 பிப்ரவரி கடைசியில் ஒரு வியாழக்கிழமை மாலை போன் செய்தார். "வாழ்த்துக்கள் தங்கச்சி, ஃபைல் முடிஞ்சுது. லேண்டிங் ஃபீஸ் 575, போர்ட்டல் சர்வீஸ் 400. நாளைக்குள்ள கட்டலேன்னா ஃபைலை மூடிருவாங்க." எட்டு மாதமாக ஒரு மெயிலுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆளிடம் இப்படிச் சொன்னால் என்ன செய்வாள்? பஸ்ஸில் நின்றபடியே இன்டராக் வங்கிப் பரிமாற்றத்தில் 975 டாலர் அனுப்பினேன். அனுப்பிவிட்டு அம்மாவுக்கு போன் போட்டு அழுதேன், சந்தோஷத்தில்.

குட்டு உடைந்தது ரூம்மேட்டின் மாமாவால். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடத்துக்கு முன் வந்தவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் நான் லேண்டிங் ஃபீஸ் கட்டிய கதையைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "லேண்டிங் ஃபீஸோ? அது எங்கட காலத்துக் கதை பிள்ளை. ஆளுக்கு 975 டொலர், கடன் வாங்கித்தான் கட்டினனாங்கள். இப்பவும் அப்பிடித்தான் சொல்லுறவையோ?" அந்தக் கட்டணம் 1995இல் வந்தது, அப்போது 975, 2006இல் பாதியாகக் குறைத்தார்கள், பெயரும் மாறி இப்போது அது நிரந்தர வசிப்புரிமைக் கட்டணம். 2024 ஏப்ரல் 30இல் அது 575 ஆனது. நான் மொத்தமாக இழந்த தொகையும் அதே 975 என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

அன்றிரவு கிரெடிட் கார்டு கணக்கைத் திறந்து செப்டம்பர் மாதத்தைத் தேடினேன். விண்ணப்பம் போட்ட அன்று என் கார்டிலேயே 1,525 போயிருந்தது. பரிசீலனைக்கு 950, வசிப்புரிமைக்கு 575. கூட்டிப் பார்த்தேன். மறுபடி கூட்டினேன். அந்த 575 அரசாங்கத்துக்குப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அப்புறம்தான் தெரிந்தது, வசிப்புரிமைக் கட்டணத்தை முன்பே கட்டிவிட்டு கனடாவுக்குள் இருப்பவர்களுக்குக் கடைசிப் படியில் கட்ட வேண்டியது ஒன்றுமே இல்லை. முதலில் ஒரு மெயில் வரும், எல்லோரும் பி1 என்கிறார்கள்: கனடாவுக்குள்தான் இருக்கிறீர்களா, முகவரி என்ன, எந்த இமெயில் என்று கேட்பார்கள். அடுத்தது பி2: போர்ட்டலுக்குள் போய் உறுதிமொழி, போட்டோ, கார்டு அனுப்ப முகவரி. பிறகு இ-சிஓபிஆர் என்ற உறுதிச் சான்று அங்கேயே வந்துவிடும், அதில் இருக்கும் தேதியிலிருந்து நீங்கள் பி.ஆர். முதல் கார்டும் இலவசம். 180 நாளுக்குள் முகவரி கொடுக்காவிட்டால்தான் 50 டாலர் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். அரை மணி நேர வேலை. அதற்கு 400.

பணத்தைவிட என் வயிற்றைக் கலக்கியது வேறு. "கனடாவுக்குள் இருக்கிறேன்" என்ற உறுதியை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரில் அவரே கொடுத்திருக்கிறார். அந்த மாதம் தங்கை நிச்சயதார்த்தத்துக்குக் கரூர் போவதாக இருந்தேன், லீவு கிடைக்காததால் நின்றேன். போயிருந்தால் அது பொய்த் தகவல். பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து வருடத் தடை, தடை எனக்கு, அவருக்கு இல்லை.

போட்டோ கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டூடியோவுக்குப் போகிறேன் என்றேன், வேண்டாம் என்று ஆபீஸ் சுவரில் நிறுத்தி போனில் எடுத்தார். என் காதுக்குப் பக்கத்தில் முருகன் காலண்டரின் ஓரம். அதை வெட்டினார், வெட்டியதில் தோளும் போய்விட்டது, கன்னத்தில் டியூப்லைட் நிழல். போர்ட்டல் திருப்பி அனுப்பிவிட்டது, அதையும் அவர் மூன்று வாரம் சொல்லவில்லை. கடைசியில் மருந்துக்கடையில் கார்டு அளவு சொல்லி, 50க்கு 70 மில்லிமீட்டர், டிஜிட்டலாக எடுத்துக் கொடுத்தேன், அது போனது.

சுவரில் தொங்கிய லைசென்ஸ் எண்ணை, R எழுத்தும் ஆறு இலக்கமும், குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் (படிக்கும் கல்லூரி இல்லை, ஆலோசகர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அமைப்பு) பொதுப் பதிவேட்டில் தட்டினேன். வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தது. இதை முதல் நாளே, டீ ஆறுவதற்குள், போனில் பார்த்திருக்கலாம். பதிவேட்டில் இருக்கும் ஆலோசகர், வக்கீல், கியூபெக் நோட்டரி, ஒன்டாரியோவில் லைசென்ஸ் உள்ள பாராலீகல் (வக்கீலுக்கு அடுத்த நிலைச் சட்டப் பணியாளர்), இவர்கள் தவிர யாரும் காசு வாங்கிக்கொண்டு இந்த வேலை செய்வது குற்றம், குடிவரவுச் சட்டத்தின் 91ஆம் பிரிவு.

கார்டும் அவர் ஆபீஸ் முகவரிக்குத்தான் போயிருந்தது. "ஹேண்ட்லிங் 150" என்றார். ரூம்மேட்டையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். மாமா எதுவும் பேசவில்லை, சுவரில் இருந்த அந்த லைசென்ஸின் முன்னால் நின்று எண்ணை உரக்கப் படித்தார். மேசை டிராயரிலிருந்து கவர் வந்தது. பிரித்திருந்தது.

975 திரும்பவில்லை. நீங்களே அனுப்பியது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றது வங்கி. கல்லூரிக்கும் எல்லைச் சேவை முகமைக்கும் புகார் கொடுத்திருக்கிறேன், நடக்கும்போது நடக்கட்டும்.

தீபாவளிக்கு அவரிடமிருந்து வாட்ஸாப். குத்துவிளக்குப் படம், கீழே: "தங்கச்சி, சிட்டிசன்ஷிப் ஃபைலும் நம்மகிட்டயே பண்ணிடலாம், பழைய கஸ்டமருக்கு டிஸ்கவுன்ட் உண்டு." பிளாக் பண்ணவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து புகாரோடு சேர்த்து அனுப்பினேன்.