ரோபோவா, பராமரிப்பாளரா? வெள்ளவத்தை வீட்டுக்கு எது பொருந்தும்

பாரிசவாதம் வந்த அம்மாவுக்கு, கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒரு மனித உருவ ரோபோவை வாங்கி வைக்கலாமா? டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் இப்படிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கேட்பதில் தவறில்லை. வன்எக்ஸ் நிறுவனம் 2025 ஒக்டோபரில் முன்பதிவுக்கு விட்ட 'நியோ'வின் விலை 20,000 டொலர். ஏறத்தாழ 60 இலட்சம் இலங்கை ரூபாய், வரி தனி.

நியோ 30 கிலோ எடையுள்ளது. துணி மடிப்பது, பொருள் எடுத்து வைப்பது போன்ற வீட்டு வேலைகளுக்கானது. தெரியாத வேலை வந்தால், நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தொலைவிலிருந்து அதன் கமராக்கள் வழியே பார்த்து இயக்குவார். எனக்கு உறுத்துவது இதுதான். வீட்டுக்கு வரும் பராமரிப்பாளரும் அந்நியர்தான். ஆனால் அவர் முகம் அம்மாவுக்குத் தெரியும், பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே திட்டவும் முடியும்.

படுக்கையிலிருந்து தூக்குவதோ வேறு கதை. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015இல் காட்டிய 'ரோபேர்' அதற்காகவே உருவானது. கரடி முகம், 140 கிலோ எடை. ஆளை முன்கைகளில் ஏந்தும்போது குப்புறச் சாயாமலிருக்க அடிப்பாகத்திலிருந்து கால்கள் வெளியே நீளும். அது ஆய்வுக்கூட மாதிரியாகவே நின்றுபோனது. கையால் பம்ப் செய்து உயர்த்தும் சாதாரணத் தூக்குச் சாதனம் இதே வேலையைச் செய்கிறது, மின்வெட்டிலும்.

பேச்சுத்துணைக்கும் உடற்பயிற்சிக்கும் 'பெப்பர்', 'நாவோ' என்று இரண்டு பழைய மனித உருவ ரோபோக்கள் உண்டு. 120 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெப்பரின் உற்பத்தி 2020இல் நிறுத்தப்பட்டது. நாவோவைத் தயாரித்த பிரெஞ்சு நிறுவனம் 2025இல் நொடித்துப்போனது. உதிரிப்பாகத்துக்கு கொழும்பில் யாரைத் தேடுவது? அதுவும் போக, ஜப்பானிய முதியோர் இல்லம் ஒன்றில் நடந்த கள ஆய்வில், பெப்பர் பயிற்சி நடத்தும்போது பக்கத்தில் ஓர் ஊழியரும் நின்று அதே அசைவுகளைச் செய்துகாட்ட வேண்டியிருந்தது தெரியவந்தது. ஆளைக் குறைக்க வந்தது ஆளைக் கேட்டது!

உண்மையான பலன் மனித முகமே இல்லாத இயந்திரங்களிடம்தான் இருக்கிறது. சுவிற்சர்லாந்தின் 'லோகோமற்' நோயாளியின் எடையைத் தொங்கவிட்டுத் தாங்கி, கால்களை ஓடுபட்டையில் திரும்பத் திரும்ப நடக்கவைக்கிறது. இத்தகைய கருவிகளோடு இயன்மருத்துவமும் சேர்ந்தால், துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுவதாக, பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் மீளாய்வு சொல்கிறது. நடக்கவே முடியாதவர்களுக்கும், பாரிசவாதம் வந்து முதல் மூன்று மாதங்களில் இருப்பவர்களுக்குமே பயன் அதிகம். கைக்கு இந்த நம்பிக்கை வேண்டாம்: பிரித்தானியாவில் 770 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், ரோபோப் பயிற்சி வழமையான சிகிச்சையைவிடக் கையின் செயற்பாட்டைக் கூட்டவில்லை. எப்படியும் லோகோமற் ஒரு வீட்டுக்குள் வைக்கும் பொருளல்ல. ராகம புனர்வாழ்வு வைத்தியசாலை போன்ற இடத்தில் பலருக்கும் பொதுவாக இருக்கவேண்டியது.

என்னிடம் அந்த 60 இலட்சத்தைத் தந்தால் வீட்டுக்கு வரும் இயன்மருத்துவர், பகலுக்கும் இரவுக்கும் பராமரிப்பாளர்கள், தூக்குச் சாதனம், குளியலறைக் கைப்பிடி என்று செலவிடுவேன். உடனே. முன்பதிவு வரிசையில் காத்திருக்கும் மாதங்களும் நடைப்பயிற்சி அதிகம் பலிக்கும் அந்த மூன்று மாதங்களும் ஒன்றாகிவிடக்கூடாது.