கப்பல் டின்னருக்கு "கட்டாய ஃபார்மல் பேக்கேஜ்": பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

க்ரூஸ் புக் பண்ணியிருப்பவர்களும், பண்ணப் போகிறவர்களும் கவனிக்கவும். கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டு சூட்டு கட்டாயம், அதைத் தன்னிடம்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று ஒரு பயண ஏஜென்ட் எங்களிடம் பணம் கறந்துவிட்டார். நான், கணவர், மாமனார் என்று மூன்று பேருக்கும் சேர்த்து வசூல். பேர் போட்டு எழுதவில்லை, விவகாரம் இன்னும் வங்கியில் இருக்கிறது. ஆனால் அவர்கள் பேசும் முறையை அப்படியே சொல்கிறேன். இதே வசனம் உங்கள் காதில் விழுந்தால் உஷாராகிவிடுவீர்கள்.

டிக்கெட் எடுக்கும்போது உடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முழுப் பணமும் கட்டி, இனி ரத்து செய்தால் பெரும் தொகை போய்விடும் என்ற கட்டம் வந்த பிறகுதான் போன் வந்தது. அந்த நேரத்தைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள். பல கம்பெனிகளில் ஒரு வாரப் பயணத்துக்கு 90 நாள் முன்பே முழுப் பணத்தையும் கட்டியாக வேண்டும்; அதற்குப் பிறகு நீங்கள் எங்கேயும் போக முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

"மேடம், ஷிப்ல தினமும் டின்னருக்கு ஜென்ட்ஸுக்கு டக்சீடோ, லேடீஸுக்கு ஃபுல் லெங்த் கவுன். இல்லேன்னா டைனிங் ரூம் வாசல்லயே நிறுத்திடுவாங்க."

டக்சீடோ என்றால் போ டையோடு போடும் கறுப்புக் கோட்டு சூட்டு. எங்களிடம் விசேஷத்துக்குப் போடுகிற நல்ல துணிகள் இருக்கின்றனவே என்றேன்.

"உங்க ஊர் டிரஸ் எல்லாம் அங்க செல்லாது மேடம். கம்பெனி அப்ரூவ் பண்ண செட் எங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொன்னாத்தான் சைஸ் கிடைக்கும்."

மூன்றுமே பொய். தினமும் என்பது பொய், நம் உடை செல்லாது என்பது பொய், கம்பெனி ஒப்புதல் என்பது வடிகட்டிய பொய். அவர் அனுப்பிய பில்லில் பயணக் கட்டணத்துக்குக் கீழேயே, அதே எழுத்தில், "டின்னர் டிரஸ் கம்ப்ளையன்ஸ்" என்று ஒரு வரி. பார்த்தால் கப்பல் கம்பெனியே கேட்கிற மாதிரி இருக்கும். அதுபோக டெபாசிட் தனி.

அளவெல்லாம் போனிலேயே கேட்டு எழுதிக்கொண்டார்கள். பெட்டி வந்து சேர்ந்தது கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி. திறந்தால், மாமாவின் கோட்டுக் கை அவர் விரல் நுனிவரை தொங்குகிறது. கணவரின் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. என் கவுனில் ஜிப்பின் இழுப்பானே இல்லை. அந்த இடத்தில் யாரோ ஒரு சேஃப்டி பின் குத்தி, அதுவும் துருப்பிடித்து, துணியில் பழுப்பாக ஒரு வட்டம். கோட்டுப் பையில் கசங்கிய டிஷ்யூவும் பல் குச்சியும். துவைக்கக்கூட இல்லை. இந்த வட்டம் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மாமா கண்ணாடி முன்னால் நின்று, "ஏம்மா, இந்தக் கையை மடிச்சு விட்டா போதுமா, இல்ல வெட்டியே விட்டுடலாமா?" என்றார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை.

அந்தப் பேக்கேஜில் "இலவசமாக" ஒரு சின்ன அயர்ன் பாக்ஸ் வேறு. கப்பல் ஏறும் இடத்தில் ஸ்கேனரில் பார்த்ததுமே எடுத்து வைத்துவிட்டார்கள். அயர்ன் பாக்ஸ், துணிக்கு ஆவி பிடிக்கும் கருவி, வெப்பச் சுருள் உள்ள எதையும் பெரும்பாலான கப்பல்களில் கேபினுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். நடுக்கடலில் தீ என்பது அவர்களுக்கு மிகப் பெரிய பயம். ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, இறங்கும் நாள் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். க்ரூஸ் வியாபாரத்தில் இருக்கிற ஒரு ஆளுக்கு இதுகூடத் தெரியாமல் இருக்குமா? தெரியும். பேக்கேஜ் கனமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாள் இரவு எங்கள் பெட்டிகள் கேபினுக்கே வரவில்லை. துறைமுகத்தில் ஒப்படைக்கிற பெட்டி சாயங்காலம் தாண்டி வருவது சகஜம். ஏஜென்ட் சொன்னது மனதில் கிடந்ததால் தயங்கித் தயங்கி, பயணத்தில் போட்டிருந்த சட்டையோடே மெயின் டைனிங் ரூமுக்குப் போனோம். வாசலில் இருந்தவர் கேபின் எண்ணை மட்டும் கேட்டு மேசையைக் காட்டினார். முதல் இரவு எல்லாரும் இப்படித்தான் வருவார்கள் என்றார் பரிமாறியவர். கடல் கடக்கும் பழைய கப்பல்களின் காலத்திலிருந்தே ஏறிய அன்று யாரும் டின்னருக்கு ஃபார்மலாக உடுத்திக்கொள்வதில்லையாம்.

எங்கள் ஏழு இரவுப் பயணத்தில் ஃபார்மல் நைட், அதாவது டின்னருக்கு விசேஷமாக உடுத்தி வரச் சொல்லும் இரவு, இரண்டே இரண்டு, அதுவும் கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காத நாட்களில். பெரும்பாலும் கம்பெனிகள் அப்படித்தான் வைக்கின்றன. நாள் முழுக்க ஊர் சுற்றிவிட்டுக் களைத்து வருகிறவர்களை யார் டை கட்டச் சொல்வது? முந்தின நாள் மாலையே கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் மறுநாள் உடை என்ன என்று போட்டிருக்கும். இப்போது பல கப்பல்களில் ஆப்பிலேயே வந்துவிடுகிறது.

அப்படி ஒரு ஃபார்மல் நைட்டில் நான் வேண்டுமென்றே வாசலுக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். டக்சீடோ அங்கொன்று இங்கொன்று. சாதாரண பிளேசர், முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும், முழங்கால் வரை வரும் கவுன், இவைதான் அதிகம். அவரவர் நாட்டு உடையில் வந்தவர்களைத்தான் போட்டோகிராஃபர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். (அன்றைக்கு படிக்கட்டுக்குப் படிக்கட்டு போட்டோ எடுத்து விற்பதும் ஒரு தனி வியாபாரம்; எடுத்ததற்காக வாங்க வேண்டிய அவசியம் இல்லை.) அரைக்கால் டவுசரில் வந்த ஒருவரிடம் மட்டும் மெதுவாக ஏதோ சொல்லி மேலே பஃபேக்கு அனுப்பினார்கள். அங்கே அதே இரவில் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

மாமாவும் பஃபேக்குத்தான் போனார், தன் சொந்த அரைக்கைச் சட்டையில். நானும் கணவரும் கொண்டுபோயிருந்த எங்கள் நல்ல துணிகளில் டைனிங் ரூமுக்குப் போனோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வாடகைப் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

மறுநாள் கெஸ்ட் சர்வீஸ் கவுன்டரில் பில்லைக் காட்டினேன். அப்படி ஒரு கட்டணமே எங்களிடம் இல்லை, உடை வாடகை எதுவும் கட்டாயம் இல்லை என்றார்கள். அதை ஈமெயிலில் எழுதித் தரக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீடு வந்த பிறகு மற்ற கம்பெனிகளின் விதிகளையும் தேடிப் படித்தேன். உடை விஷயத்தில் கறார் என்று பேர் எடுத்தது குனார்ட். அவர்களுடைய குவீன் மேரி 2 சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போகும் 7 இரவுப் பயணத்தில்கூட காலா இரவு (ஃபார்மல் நைட்டுக்கு அவர்கள் வைத்த பேர்) வழக்கமாக 2தான். அன்றைக்கும் டக்சீடோ இல்லையென்றால் டை கட்டிய டார்க் சூட் போதும், முறையான நாட்டு உடையும் ஏற்கப்படும். ஃபார்மலாக உடுத்தப் பிடிக்காதவர்களுக்கு பஃபேயும் பப்பும் திறந்தே இருக்கும். கறாரான இடத்திலேயே நிலைமை இது.

நார்வீஜியன் 2000ஆம் ஆண்டிலேயே "ஃப்ரீஸ்டைல்" என்று அறிவித்து ஃபார்மல் கட்டாயத்தைக் கைவிட்டுவிட்டது. செலிப்ரிட்டி 2015இல் ஃபார்மல் நைட்டை எடுத்துவிட்டு "ஈவினிங் சிக்" கொண்டுவந்தது. அதற்கு நல்ல சட்டை பேன்ட் போதும், கோட்டு அவரவர் விருப்பம். வைக்கிங் கப்பல்களில் ஃபார்மல் நைட்டே கிடையாது. வர்ஜின் வாயேஜஸில் உடை விதியே இல்லை, ஒரே ஒரு இரவு சிவப்பு உடுத்திக் கொண்டாடுகிறார்கள், அவ்வளவே. பிரின்சஸ் மாதிரி ஃபார்மல் நைட்டை இன்னும் வைத்திருக்கும் கம்பெனிகளிலும் ஒரு வாரத்துக்கு வழக்கமாக இரண்டு. ஆக, "ஷிப்ல தினமும் டக்சீடோ" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர் எந்த ஷிப்பைச் சொல்கிறார் என்று கேளுங்கள். கப்பல் கம்பெனியின் தளத்தில் அந்த விதி இருக்கும் பக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் ஆளிடம் பிறகு கேட்டபோது, "அது இன்டர்னல் சர்க்குலர் மேடம்" என்று மழுப்பினார்.

நிஜமாகவே தடுப்பது எதை? ஈரமான நீச்சல் உடை, வெறுங்கால், ஆண்கள் கையில்லாத பனியன். டைனிங் ரூமில் இவை பெரும்பாலும் எங்கேயும் ஆகாது. அரைக்கால் டவுசர், தொப்பி, கிழிந்த ஜீன்ஸ் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி, இரவுக்கு இரவு மாறும். தனிக் கட்டணம் வாங்கும் ரெஸ்டாரன்ட்களுக்குச் சில கப்பல்களில் வேறு விதி இருக்கும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆசைக்கு டக்சீடோ போட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாகப் போடலாம், சில கம்பெனிகள் தாங்களே வாடகைக்கு ஏற்பாடும் செய்கின்றன. அதை நேரடியாகக் கம்பெனியிடம் கேட்டு, பில்லை அவர்கள் பெயரில் வாங்குங்கள்.

இப்போது டெபாசிட் கதை. திரும்பி வந்ததும் பெட்டியை அப்படியே அனுப்பினேன். "கவுனில் துருக்கறை, டெபாசிட் பிடிக்கப்பட்டது" என்று பதில். அந்தப் பழுப்பு வட்டத்தைத்தான் சொல்கிறார்கள்! நல்லவேளையாக, பெட்டி வந்த ராத்திரியே ஆத்திரத்தில் தோழிக்கு அனுப்பக் கவுன், பின், கோட்டுக் கை எல்லாவற்றையும் போட்டோ எடுத்திருந்தேன். தேதியும் நேரமும் அதில் இருக்கின்றன. அதை அனுப்பியதும், "வாடகைக்கு எடுத்தால் இந்த மாதிரி சின்னச் சின்னது இருக்கத்தான் செய்யும்" என்று குரல் மாறியது. பணம் மட்டும் வரவில்லை.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் தகராறு பதிவு செய்திருக்கிறேன். கப்பல் கம்பெனியின் ஈமெயில், போட்டோக்கள், "செல்லாது மேடம்" என்று அவர் வாட்ஸ்அப்பிலும் எழுதியிருந்த வரி, மூன்றையும் இணைத்தேன். இதற்குக் காலக்கெடு உண்டு, வங்கிக்கு வங்கி மாறும். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் இழுத்தடிப்பது அந்த நாட்கள் கழியத்தான். பாதிப் பணம் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று போன வாரம் போன் செய்தார். எழுத்தில் அனுப்புங்கள் என்றேன். அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, நானும் வாபஸ் வாங்கவில்லை.