செட்டருக்குள் ஃபீல்டா, தனி மாறியா, மெத்தடா? மாங்கூழ் ஆலை எடைக்கணக்கை வைத்து ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்குப் பெங்களூரா ரக மாம்பழம் ஏற்றிய வண்டி வருகிறது. எடைமேடையில் முதலில் சுமையோடு நிறுத்துவார்கள், இறக்கியபின் காலியாக இன்னொரு முறை. வித்தியாசம்தான் நிகர எடை. இதை நிரலில் ஒரு கிளாஸாக (தரவையும் அதைக் கையாளும் மெத்தடுகளையும் சேர்த்துக் கட்டிய அலகாக) எழுதும்போது, தவறான எடை பதியாமல் தடுக்கும் சோதனைகளை எங்கே வைப்பது?

பழைய வழி, பிரைவேட் மாறியை (கிளாஸுக்கு வெளியே தெரியாத மாறியை) நாமே அறிவித்து அதன்மேல் கெட்டரும் (மதிப்பைப் படித்துக் கொடுப்பது) செட்டரும் (மதிப்பை மாற்றுவது) எழுதுவது. ஜாவாக்காரர்களுக்குக் கைவந்த வழக்கம். எல்லாம் கண்ணெதிரே இருக்கும். ஆனால் அதே கிளாஸின் வேறொரு மெத்தட் செட்டரைத் தாண்டிப்போய் மாறியில் நேரே எழுதினால் தடுக்க ஆளில்லை. பைத்தானில் இன்னும் தளர்வு. பெயருக்கு முன்னால் போடும் அடிக்கோடு வெறும் மரியாதைதான்.

காட்லின் மொழியில், கெட்டர், செட்டரோடு வெளியே தெரியும் மதிப்புக்கு ப்ராப்பர்ட்டி என்று பெயர். அதன் மதிப்பை உள்ளே சேமிக்கும் இடமான பேக்கிங் ஃபீல்டைக் கம்பைலரே உருவாக்கும். கெட்டர், செட்டருக்குள் மட்டும் 'ஃபீல்டு' என்ற சொல்லால் அதைத் தொடலாம். மற்ற மெத்தடுகளுக்கு அனுமதி இல்லை. 2025இல் வந்த சி ஷார்ப் 14உம் இந்த வசதியைச் சேர்த்துக்கொண்டது. என் ஓட்டு இதற்கே. ஆனால் கண்ணி உண்டு. 'ஃபீல்டு' என்பதற்குப் பதில் ப்ராப்பர்ட்டியின் பெயரையே செட்டருக்குள் எழுதினால், அது தன்னைத்தானே முடிவில்லாமல் அழைத்து, அழைப்புகளுக்கான நினைவிடமான ஸ்டாக் நிரம்பி நிரல் விழும். பரவாயில்லை, ஓட்டிப் பார்த்ததும் தெரிந்துவிடும். மோசமானது வேறு: அறிவிக்கும் இடத்தில் கொடுக்கும் தொடக்க மதிப்பு செட்டர் வழியாகப் போவதே இல்லை, நேராக ஃபீல்டில் விழுகிறது. எடை பூஜ்யத்துக்குக் கீழே கூடாது என்று செட்டரில் எழுதியிருந்தாலும், கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது) வந்த மைனஸ் எடையை அப்படியே தொடக்க மதிப்பாக்கினால் சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்துவிடும். உருவாக்கும்போதே ஓடும் இனிட் பிளாக்கில் அந்த மதிப்பை மறுபடி ஒதுக்கினால்தான் சோதனை நடக்கும்.

நிகர எடைக்கு இந்தத் தகராறே இல்லை. கெட்டரில் கழித்துக் கொடுத்தால் போதும். காட்லின் அதற்கு ஃபீல்டே உருவாக்காது.

காலி எடை மொத்த எடையைவிட (சுமையோடு நிறுத்த எடையைவிட) குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் செட்டருக்குள் அடங்காது. பழம் கொண்டுவரும் வண்டிக்கு மொத்த எடை முதலில் கிடைப்பதால் சோதனை ஓடிவிடும். கூழ் டிரம் ஏற்ற வரும் லாரியோ முதலில் காலியாக மேடை ஏறும். அப்போது மொத்த எடை இன்னும் பூஜ்யம். சரியான காலி எடையையும் செட்டர் ஏற்காமல் நிராகரித்துவிடும். இதற்கு இரண்டு செட்டரையும் பிரைவேட் ஆக்கிவிட்டு, எடையைப் பதிய ஒரே மெத்தட் வைப்பேன். முதல் எடை, இரண்டாம் எடை என்று வந்த வரிசையில் வாங்கிக்கொண்டு, எது மொத்தம் எது காலி என்பதை இரண்டாவது வந்தபின் அதுவே முடிவு செய்யும்.