24,500 ரூபாய்க்கு டியூனிங், உள்ளே ஒரு ஜெட்டைக்கூட மாற்றவில்லை

பழைய புல்லட்டில் இன்ஜினை மாற்றியமைத்து வைத்திருப்பவர்கள், கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) டியூனிங்குக்காக வண்டியை யாரிடமாவது விடும் எண்ணத்தில் இருந்தால், பணம் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடமிருந்து போனது 24,500 ரூபாய். அது போக ஒரு பிஸ்டன் உருகிவிட்டது, சிலிண்டர் முழுக்கக் கோடு விழுந்துவிட்டது. பெயரை எழுதவில்லை. பழைய பைக்குகளுக்கென்றே பக்கம் நடத்தி, காணொளி போட்டு, ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் ஒரு டியூனிங் பட்டறை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட 350. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். ஹெட்டில் போர்ட்டுகளைப் பெரிதாக்கி, கேமை மாற்றி, அடைப்பு இல்லாத சைலன்சரும் திறந்த ஏர் ஃபில்டரும் போட்டிருந்தேன். இத்தனையும் செய்த பிறகு இன்ஜின் இழுக்கும் காற்றின் அளவே மாறிவிடும். கம்பெனி போட்டுக் கொடுத்த 24 மி.மீ. கார்புரேட்டர் அதற்குப் போதாது. 28 மி.மீ. போட வேண்டும், போட்டபின், பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பைலட் ஜெட், நீடில், மெயின் ஜெட் மூன்றுக்கும் சரியான அளவைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் அந்தப் பட்டறைக்காரரிடம் போனேன்.

நம்பிக்கை எப்படி வந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்களையும் இதே வழியில்தான் பிடிப்பார்கள். அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. கேள்விகள் கேட்டார். கேம் எது, காண்டாக்ட் பாயின்ட்டா எலக்ட்ரானிக் இக்னிஷனா, இன்லெட் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா? "சார், டேப்பெட்டும் டைமிங்கும் சரியாக இல்லாமல் கார்புரேட்டரைத் தொடவே கூடாது" என்றார். அத்தனையும் சரியான கேள்வி, சரியான பேச்சு. ஜப்பான் ஒரிஜினல் கார்புரேட்டர், ஜெட் செட், மீட்டர் வைத்து ரோட்டில் ஓட்டி டியூனிங், எல்லாம் சேர்த்து 24,500 என்றார். முழுப் பணமும் முன்னாலேயே வேண்டுமாம். யூபிஐயில் அனுப்பினேன்.

வண்டியை எடுக்கப் போனபோது கையில் ஒரு தாளைக் கொடுத்தார். மெயின் ஜெட் 130, நீடிலின் உயரத்தை வைக்கும் கிளிப் நான்காம் பள்ளம், முழு த்ராட்டிலில் காற்று–எரிபொருள் விகிதம் 12.8 (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.8 பங்கு காற்று). பார்க்க அழகாக இருந்தது. ஐடிலும் கடிகாரம் போல நின்றது. நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் முழு த்ராட்டிலில் பிடித்ததும் உள்ளே கிளிங், கிளிங் என்று தட்டும் சத்தம். த்ராட்டிலை விடுவதற்குள் இழுவை செத்துப்போனது, பின் சக்கரம் இறுகியது. கிளட்சைப் பிடித்து ஓரம் ஒதுக்கியதால் நான் பிழைத்தேன்.

வண்டியை எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்தார். பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது, அதன்மேல் பொடிப் பொடியாக அலுமினியத் துகள்கள். அது பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்தது. பிறகு கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தார். உள்ளே இருந்த மெயின் ஜெட்டில் 105 என்று பொறித்திருந்தது. தாளில் 130! எண் சிறியதானால் துளையும் சிறியது; பெட்ரோல் குறைந்து கலவை மெலியும், இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். ஒரிஜினல் ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரமாக இருக்கும் மிகுனி (ஜப்பான் கார்புரேட்டர் நிறுவனம்) முத்திரை இதில் இல்லை. ஜெட் செட் என்று கொடுத்த பையில் இன்னொரு 105 கிடந்தது. மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து நுழைத்துப் பார்த்தோம். ஒன்றில் தாராளமாகப் போனது, மற்றதில் நுழையவே இல்லை. ஒரே எண், இரண்டு வேறு அளவுத் துளை. நீடில் கிளிப் நடுப் பள்ளத்தில், போலிக் கார்புரேட்டர் பெட்டியிலிருந்து வரும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கழற்றி மாட்டிய தடயமே இல்லை.

சரி, 12.8 என்ற எண் எங்கிருந்து வந்தது? அந்த மீட்டருக்கு எக்ஸாஸ்ட் புகையில் வைக்கும் சென்சார் வேண்டும். பட்டறைக்காரரிடம் கேட்டேன். "பெண்ட் பைப்பில் பொருத்தித்தான் எடுத்தோம் சார்" என்றார். என் பெண்ட் பைப்பில் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாய்) ஓட்டையே இல்லை, மரை வைத்த புஷ் பற்றவைத்த அடையாளமும் இல்லை. அதைக் கேட்டதும் "சைலன்சர் வால் பக்கம் வைத்தோம்" என்று மாற்றிப் பேசினார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தட்டிக்கழிப்பு. முதலில் பெட்ரோல் மேல் பழி. எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையை மெலிய வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பங்கில் கிடைப்பது அந்தப் பெட்ரோல்தானே, அதற்கு ஏற்ப ஜெட் போடத்தானே 24,500 வாங்கினார்? அடுத்து, கார்புரேட்டரில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினால் சரியாகிவிடும் என்றார். இந்தப் பதிலில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. ஏர் ஸ்க்ரூவின் வேலை ஐடிலிலிருந்து கால் த்ராட்டில் வரைதான். நடுப்பகுதியை நீடில் பார்த்துக்கொள்ளும், முக்கால் த்ராட்டிலுக்கு மேல் மெயின் ஜெட்தான். பிஸ்டன் உருகியது முழு த்ராட்டிலில். இது அவருக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்தே சொன்னார். கடைசியாக, "நீங்கள் ஓட்டிய விதம் அப்படி" என்றார். இப்போது போனை எடுப்பதில்லை. ஆனால் பக்கத்தில் புதிய காணொளி வந்துகொண்டே இருக்கிறது, கீழே நான் எழுதிய கருத்தை மட்டும் நீக்கிவிட்டார்கள்.

24,500 ரூபாய். சிலிண்டரை போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் செலவு தனி.

விரிவாக யோசனை சொல்லலாம் என்றுதான் தொடங்கினேன், அதற்கு இப்போது பொறுமை இல்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். அடிக்கிண்ணத்தை உங்கள் கண் முன்னால் திறந்து ஜெட் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மீட்டர் அளவு சொன்னால் சென்சார் எங்கே வைத்தீர்கள் என்று கேளுங்கள். மிகுனி விஎம் வகைக் கார்புரேட்டரில் ஏர் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் கலவை மெலியும், அதனால் யாராவது போனில் "கொஞ்சம் திறந்து விடுங்கள்" என்றால் தொடாதீர்கள். டியூனிங் முடிந்த வண்டியில் தட்டும் சத்தம் கேட்டால் அந்த நொடியே த்ராட்டிலை மூடுங்கள்.

பில், தாள், இரண்டு 105 ஜெட்டின் படங்களை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே பட்டறையில் ஏமாந்தவர்கள் இருந்தால் உங்கள் தாளையும் ஜெட்டையும் பத்திரமாக வைத்திருங்கள், எனக்குத் தனியே எழுதுங்கள். சேர்ந்து புகார் கொடுப்போம்.